நபருக்கு நபர் மறுவிற்பனை: கிடங்கு இல்லாத தளங்களின் கிடங்கு வேலையை யார் செய்கிறார்கள்?

சரக்கேடு எழுதியது:

பயன்படுத்திய பொருள்களைத் தனிநபர்களே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் இணையத் தளங்களைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், அவற்றுக்குச் சரக்கும் இல்லை, கிடங்கும் இல்லை, ஆகவே விநியோகச் சங்கிலி என்ற செலவே இல்லை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்தக் கூற்றில் பாதிதான் உண்மை. கிடங்கு இல்லை என்பது சரி. கிடங்கில் நடக்கும் வேலை எதுவும் மறைந்துவிடவில்லை. அதை இப்போது யார் செய்கிறார்கள், அதன் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பேசவே இந்த இழை.

ஒரு கடை ஒரே வகைச் சட்டையில் பத்தாயிரம் உருப்படிகளை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சட்டையை ஒருமுறை படம் எடுத்தால் போதும். அளவையும் துணியின் தன்மையையும் ஒருமுறை எழுதினால் போதும். பெட்டியின் அளவையும் எடையையும் ஒருமுறை குறித்துக்கொண்டால் போதும். அந்த ஒருமுறைச் செலவு பத்தாயிரமாக வகுபட்டுக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். மறுவிற்பனையில் ஒவ்வொரு உருப்படியும் தனி வகை. ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, ஒரே அளவுள்ள இரண்டு சட்டைகளில் ஒன்றின் காலர் உள்மடிப்பு மங்கியிருக்கும், மற்றொன்றில் ஒரு பித்தான் மாறியிருக்கும். எனவே படம், விவரம், தரம், எடை, பொதிவு எல்லாமே ஓர் உருப்படிக்கு ஒருமுறை நடந்தாக வேண்டும். வாங்குபவர் கிடைக்கும் வரை பொருளை எங்காவது வைத்திருக்கவும் வேண்டும், அந்தக் காத்திருப்புக்கும் இடம் தேவை.

நான் கவனித்த வரையில், தளங்கள் இந்தச் சங்கிலியை வெட்டிப் பிரித்து, அளவு பெருகப் பெருகச் செலவு குறையும் கண்ணிகளைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன: பணப்பரிமாற்றம், அனுப்பும் லேபிள், தேடல், புகார் தீர்த்தல். எத்தனை கோடிப் பொருள் வந்தாலும் ஓர் உருப்படிக்கான உழைப்பு குறையாத கண்ணிகள், அதாவது தரம் பார்ப்பது, படம் எடுப்பது, பொதிவது, பத்திரமாக வைத்திருப்பது, வீட்டில் விடப்படுகின்றன. இது சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'சொத்துச் சுமையற்ற வணிகம்' என்று பாராட்டப்படுவதன் உட்பொருள் இதுதான்.

போக்குவரத்து, பழுதுபார்ப்பு, துணி தரம்பிரிப்பு ஆகிய துறைகளில் இருப்பவர்கள் தங்கள் பகுதியில் என்ன நடக்கிறது என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

தபால்பை எழுதியது:

பார்சல் பிரிப்பு மையத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் போக்குவரத்துப் பகுதியைப் பற்றி எழுதுகிறேன். எல்லோரும் கடைசி மைலைப் பற்றியே, அதாவது பொதியை வாங்குபவரின் வாயிலில் சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். தனிநபர் விற்பனையில் அதைவிடக் கடினமானது முதல் மைல், அதாவது விற்பவரிடமிருந்து பொதியை எடுப்பது. ஒரு பெரிய வணிகரிடம் ஒரு வண்டி போனால் ஒரே வாயிலில் ஐந்நூறு பொதிகளை ஏற்றிக்கொண்டு வரலாம். இங்கே ஐந்நூறு பொதிகளுக்கு ஐந்நூறு வாயில்கள். ஒவ்வொரு வாயிலுக்கும் வண்டி அனுப்பினால் அந்தச் செலவைப் பழைய சட்டையின் விலை தாங்காது. ஆகவே விற்பவரே பொதியை எடுத்துக்கொண்டு ஓர் ஒப்படைப்பு இடத்துக்கு வரும்படி அமைப்பு மாறியது.

ஜப்பானில் 2013 இல் தொடங்கப்பட்ட மறுவிற்பனைத் தளமான மெர்காரி, 2015 இல் யமாட்டோ என்ற கூரியர் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஏற்பாடு இதில் பாடமாகப் படிக்கத் தக்கது. விற்பவரின் கைப்பேசியில் ஒரு குறியீடு வருகிறது. அதை ஒப்படைப்பு இடத்தில் காட்டினால் லேபிள் அங்கேயே அச்சாகிறது. வாங்குபவரின் முகவரி விற்பவருக்கும், விற்பவரின் முகவரி வாங்குபவருக்கும் தெரிவதில்லை. கட்டணம் தூரத்தைப் பொறுத்ததன்று, பொதியின் அளவைப் பொறுத்தது. அறிமுகமில்லாதவருக்குத் தம் முகவரியைக் கொடுக்கத் தயங்கியவர்களின் அச்சம் இதனால் நீங்கியது என்பது பலரும் பேசுவது. கையால் எழுதிய முகவரியால் வரும் தவறுகள் அடியோடு ஒழிந்தன என்பது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் தெரியும் இன்னொரு பலன். ஐரோப்பாவில் இதே வேலையைப் பொதிப் பெட்டகங்கள், அதாவது பொதியை வைக்கவும் எடுக்கவும் தெருவில் நிறுத்தப்பட்ட பூட்டுள்ள பெட்டிகள், செய்கின்றன. போலந்தின் இன்போஸ்ட் நிறுவனம் அந்த முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியது. லிதுவேனியாவில் 2008 இல் தொடங்கிய மறுவிற்பனைத் தளமான வின்டெட் இப்போது தன் பெயரிலேயே பெட்டகங்களை நிறுவிவருகிறது. கிடங்கு வேண்டாம் என்று சொன்ன ஒரு தளம் கடைசியில் தெருவில் இரும்புப் பெட்டிகளை நடத் தொடங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது யாரும் பேசாத சிறு விஷயம் ஒன்று. கூரியர் நிறுவனங்கள் பலவும் எடையையும் கன அளவையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பரவலாக உள்ள கணக்கு. ஒரு கிலோ எடையுள்ள மேலங்கியை 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்து அனுப்பினால் அது 4.8 கிலோவாகிவிடும். வணிகர்கள் பொருளுக்கேற்ற பெட்டியை மொத்தமாக வாங்கி வைத்திருப்பார்கள். தனிநபர் விற்பவரோ வீட்டில் எந்தப் பெட்டி கிடக்கிறதோ அதைத்தான் எடுப்பார். எங்கள் ஓடுபட்டையின் மேல் இருக்கும் அளவீட்டுக் கருவி அந்தப் பெட்டியை ஒரு நொடியில் அளந்துவிடும். கூடுதல் கட்டணமோ சில நாள் கழித்து, விற்பனை முடிந்து பணமும் கைமாறிய பிறகு வரும். அதை யார் கட்டுவது என்பதில்தான் சண்டை தொடங்குகிறது.

பழைய பெட்டியில் இன்னொரு வம்பும் உண்டு. முந்தைய பயணத்தின் பார்கோடு ஒட்டியபடியே இருந்தால், கருவி புதியதை விட்டுவிட்டுப் பழையதைப் படித்துவிடுகிறது. பொதி தவறான தடத்தில் இறங்கி, தனியாக எடுத்து வைக்கப்பட்டு, ஓர் ஆள் கையில் எடுத்துப் பார்த்து மறுபடி அனுப்பும் வரை கிடக்கிறது. பெட்டியை மறுபயன்பாடு செய்பவர்கள் பழைய லேபிளின் மேல் ஒரு கருப்புக் கோடாவது கிழித்துவிடுங்கள்.

நிழற்கணக்கு எழுதியது:

சரக்கேடு எழுப்பும் கேள்வி முக்கியமானது என்றாலும், ஊதியமில்லா உழைப்பு என்ற தொனியில் எனக்கு உடன்பாடில்லை. இந்த உழைப்புக்குச் சந்தைக் கூலி போட்டுக் கணக்கிட்டால், பழைய பொருள்களில் பெரும்பகுதி விற்பனைக்கே வராது. படம் எடுக்க, விவரம் எழுத, பொதிய, எடுத்துச் சென்று கொடுக்க ஆகும் நேரத்துக்குக் கூலி கணக்கிட்ட உடனேயே மலிவான ஒரு குழந்தைச் சட்டையின் விலையை அது விழுங்கிவிடும். அந்த நேரத்துக்கு வேறு விலை இல்லாத ஒருவர், அதாவது எப்படியும் வீட்டைக் காலி செய்ய நினைத்தவர், அதைச் செய்வதால்தான் அந்தச் சட்டை குப்பைக்குப் போகாமல் இன்னொரு குழந்தையிடம் போகிறது. கணக்கில் வராத உழைப்பு இந்தச் சந்தையின் குறை என்பதைவிட, இந்தச் சந்தை நிலவுவதற்கான நிபந்தனை என்று சொல்வதே பொருந்தும்.

அந்த வேலையைத் தாமே ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2009 இல் தொடங்கிய திரெட்அப், பையில் போட்டு அனுப்புங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றது. அதற்காக ஒவ்வோர் உருப்படியையும் பிரித்து, பார்த்து, படம் எடுத்து, தனி எண்ணிட்டுத் தொங்கவிடும் பிரம்மாண்டமான மையங்களைக் கட்ட வேண்டியிருந்தது. இதன் விளைவாக, மலிவான துணிக்கு அனுப்பியவர் கையில் கிடைப்பது சொற்பத்திலும் சொற்பம். உழைப்பை யார் செய்தாலும் அதற்கு விலை உண்டு; வீட்டில் செய்தால் அது எழுதப்படாமல் போகிறது, மையத்தில் செய்தால் விற்பவரின் பங்கிலிருந்து கழிக்கப்படுகிறது, அவ்வளவே.

வாடகைக்குக் கொடுத்து வாங்கும் தளங்களோடு மறுவிற்பனையை ஒரே கூடையில் போடுவதும் சிக்கலை மறைக்கிறது. வாடகைப் பொருள் உரிமையாளரிடமே திரும்பி வருகிறது, அவர் அதன் குறைகளை அறிவார். மறுவிற்பனையில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் பொருளைப் பற்றிய அறிவு முந்தைய வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

சரக்கேடு எழுதியது:

நிழற்கணக்கின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறேன். உழைப்புக்குக் கூலி உண்டா என்ற கேள்வியை விட்டுவிடலாம், அதில் அவர் சொல்வது ஏற்கத் தக்கதே. என் உண்மையான கேள்வி பரிசோதனையைப் பற்றியது. பொருளின் நிலையை யார் பார்க்கிறார்கள், எந்தக் கட்டத்தில் பார்க்கிறார்கள், பார்த்தது தவறானால் யார் தாங்குகிறார்கள்?

பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970 இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை பழைய கார்களை வைத்து இதைத்தான் விளக்கியது. நல்ல காரையும் குறையுள்ள காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் இரண்டுக்கும் இடைப்பட்ட விலையைத்தான் தருவார். அந்த விலைக்கு நல்ல காரை வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் குறையுள்ளவையே மிஞ்சும். இணையத் தளங்கள் இதற்கு இரண்டு விதமாக விடை கண்டிருக்கின்றன.

முதலாவது, பணத்தை நிறுத்தி வைப்பது. 2003 இல் சீனாவின் தாவ்பாவ் விற்பனைத் தளத்துக்காகத் தொடங்கிய அலிபே என்ற பணப்பரிமாற்றச் சேவை இந்த வழியில்தான் வளர்ந்தது. வாங்குபவர் கொடுத்த பணம் விற்பவரிடம் போகாமல் நடுவில் நிற்கும். பொருள் வந்து சரி என்று சொன்ன பிறகே விடுவிக்கப்படும். மெர்காரியில் வாங்குபவர் மதிப்பீடு கொடுத்த பிறகு பணம் விடுபடுகிறது. வின்டெட்டில் பொருள் கிடைத்த இரண்டு நாளுக்குள் புகார் வராவிட்டால் விடுபடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் பணப் பாதுகாப்பு. சங்கிலியின் கண்கொண்டு பார்த்தால், தரப் பரிசோதனை என்ற கண்ணி வாங்குபவரின் வீட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறது, அதுவும் கெடுவோடு. பொருளைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தவர், மிகக் குறைந்த நேரத்தில், பயணம் முழுவதும் முடிந்த பிறகு அதைப் பரிசோதிக்கிறார். எந்தத் தொழிற்சாலையிலாவது பரிசோதனையைக் கடைசிக் கட்டத்தில் மட்டும் வைத்திருந்தால் அங்குள்ள தர மேலாளர் ஒப்புக்கொள்வாரா?

இரண்டாவது, பொருளையே நடுவில் நிறுத்துவது. 2015 இல் டெட்ராய்ட்டில் நிறுவப்பட்ட ஸ்டாக்எக்ஸ் இந்த வழியைக் காலணிகளுக்குப் பயன்படுத்தியது. விற்பவர் முதலில் நிறுவனத்தின் சோதனை மையத்துக்கு அனுப்புகிறார், அங்கே பார்த்த பிறகு அது வாங்குபவருக்குப் போகிறது. 1995 முதல் எதையும் தொடாமலே வணிகம் செய்த இபே கூட 2020 இல் கைக்கடிகாரங்களுக்கும் விளையாட்டுக் காலணிகளுக்கும் இதே முறைக்கு வந்தது. ஒரு பயணம் இரண்டாகிறது, நாள்கள் கூடுகின்றன, பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் விற்றாலும் பொருள் எங்கோ இருக்கும் மையத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். அந்தக் கூடுதல் செலவை விலையுயர்ந்த பொருள்கள் மட்டுமே தாங்கும் என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் முதல் வழியே கதி.

திரைவிரிசல் எழுதியது:

பழைய கைப்பேசிகளைப் பார்த்துத் தரம் குறிக்கும் வேலையில் இருக்கிறேன். 'நல்ல நிலையில் உள்ளது' என்று விற்பவர் எழுதும் ஒற்றை வரிக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

கைப்பேசி கையில் வந்ததும் கீறலை நாங்கள் முதலில் பார்ப்பதில்லை. முதல் வேலை ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண்ணைத் திருட்டுப் பட்டியலோடு ஒப்பிடுவது. இரண்டாவது, முந்தைய உரிமையாளரின் கணக்கு அதில் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆப்பிள் 2013 முதலும் ஆண்ட்ராய்டு 2015 முதலும் கொண்டுவந்த இந்தப் பூட்டு திருட்டைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. அது தன் வேலையைச் செய்கிறது. மறந்துபோய்க் கணக்கை நீக்காமல் விற்ற நேர்மையான மனிதரின் கைப்பேசியையும் அது அதே கண்டிப்போடு எதற்கும் பயன்படாத செங்கல்லாக்கிவிடுகிறது. எந்தக் குறையும் இல்லாத கருவி, விற்றவரை மீண்டும் தொடர்புகொள்ள முடியாத ஒரே காரணத்தால் உதிரிப் பாகமாகப் பிரிக்கப்படுவதை நாங்கள் பார்க்கிறோம். பொருள் நகர்ந்துவிட்டது, அதனோடு நகர வேண்டிய ஓர் அனுமதி நகரவில்லை. விற்கும் முன் கணக்கை நீக்குவது இரண்டு நிமிட வேலை.

அதன் பிறகுதான் சிம் தட்டை வெளியே இழுத்து, அந்தத் துளைக்குள் விளக்கடித்துப் பார்க்கிறோம். உள்ளே ஒரு சிறிய வெள்ளைப் புள்ளி இருக்கும்; ஈரம் பட்டிருந்தால் அது சிவப்பாக மாறியிருக்கும். தளத்தில் போடப்படும் பத்துப் படங்களில் ஒன்றிலாவது அந்தப் புள்ளியை நான் கண்டதில்லை. படங்களில் திரை பளபளக்கும், பின்புறம் பளபளக்கும், துளைக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. பேட்டரியின் மீதித் திறனைக் காட்டும் திரைப் படத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று வாங்குபவர்களுக்குச் சொல்வேன். திரை மாற்றப்பட்டிருக்கிறதா என்பதைப் புதிய ஐபோன்களில் அமைப்புகள் பக்கத்திலேயே காணலாம், அதையும் கேளுங்கள்.

தபால்பைக்கு ஒன்று. லித்தியம் பேட்டரி மட்டும் தனியாக இருந்தால் அதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. கருவிக்குள் இருக்கும் பேட்டரிக்கு, அபாயகரமான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் யு.என். 3481 என்ற வகையில், வேறு விதிகள். ஆனால் சேதமடைந்த, உப்பிய பேட்டரி எந்த விமானத்திலும் போகக் கூடாது. ஒருவர் வாங்கிய கைப்பேசியின் பேட்டரி உப்பியிருக்கிறது என்று புகார் செய்கிறார். தளத்தின் தானியங்கி அமைப்பு உடனே திருப்பியனுப்பும் லேபிளைக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பொதியை அனுப்பினால் விதிமீறல், அனுப்பாவிட்டால் பணம் திரும்ப வராது. அந்த லேபிளை வடிவமைத்தவர் இப்படி ஒரு நிலையை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

மூட்டைப்பிரிப்பு எழுதியது:

இதுவரை எல்லோரும் தளத்தில் பட்டியலிடப்பட்ட பொருளின் பயணத்தைப் பேசினீர்கள். பட்டியலிடப்படாததும், பட்டியலிட்டும் விற்காததும் எங்கே போகின்றன என்று யாரும் கேட்கவில்லை. நான் துணி தரம்பிரிப்பில் இருக்கிறேன். தனிநபர் மறுவிற்பனை வளர்ந்ததன் தாக்கம் எங்கள் மேசையில் நேரடியாகத் தெரிகிறது.

நன்கொடைப் பெட்டிகளில் சேரும் துணி எங்களிடம் கலவையாக வரும். ஆள்கள் கையால் எடுத்து, தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பல தரங்களாகப் பிரிப்பார்கள். எங்கள் தொழிலில் மேல்தரத்துக்கு 'க்ரீம்' என்றே பெயர். அளவில் அது சிறு பங்குதான். ஆனால் மீதிப் பெரும்பகுதியைப் பிரிக்க, மூட்டையாகக் கட்ட, துடைப்புத் துணியாக வெட்ட, நாராகக் கிழிக்க ஆகும் செலவை அந்தச் சிறு பங்கின் விற்பனையே ஈடுகட்டி வந்தது. இப்போது அந்த மேல்தரத் துணியை மக்கள் தாங்களே தளங்களில் விற்கிறார்கள். அதில் தவறில்லை, அவர்கள் துணி அது. எங்களுக்கு வந்து சேர்வது தளத்தில் போணியாகாத மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல் துணிக் கழிவைத் தனியாகச் சேகரிப்பது உறுப்பு நாடுகளின் கடமை. வரும் மூட்டை பெருகுகிறது, அதற்குள் இருக்கும் மதிப்பு குறைகிறது.

அதன் அடுத்த கட்டத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். கானாவின் அக்ரா நகரில் உள்ள கண்டமாண்டோ சந்தையில் வணிகர்கள் கட்டிய மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். மூட்டை ஒன்று பெரும்பாலும் 55 கிலோ. உள்ளே நல்ல துணி எவ்வளவு என்பது பிரித்த பிறகே தெரியும். சரக்கேடு சொன்ன பரிசோதனைக் கேள்வியின் கடைசி முனை அங்கேதான் இருக்கிறது. அவர்களுக்குப் புகார் செய்ய இரண்டு நாள் கெடுவும் இல்லை, நிறுத்தி வைத்த பணமும் இல்லை. தளங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகள் விற்ற உருப்படிகளை மட்டுமே எண்ணுகின்றன. மேல்தரம் உருவப்பட்ட மூட்டை அந்த அறிக்கைகளில் எங்கும் இடம்பெறுவதில்லை.

வரிமேசை எழுதியது:

'நபருக்கு நபர்' என்ற விவரிப்பையே கொஞ்சம் அசைத்துப் பார்க்க விரும்புகிறேன். எந்தத் தளத்திலும் விற்பனையைக் கூர்ந்து பார்த்தால், வீட்டைக் காலி செய்பவர்களுக்கு நடுவே தொழிலாகச் செய்பவர்கள் அமர்ந்திருப்பார்கள்: கடை மூடும்போது மீந்த சரக்கை எடுப்பவர்கள், திருப்பியனுப்பப்பட்ட பொருள்களைத் தட்டு தட்டாக ஏலம் எடுப்பவர்கள், வெளியாகும் நாளிலேயே தானியங்கி மென்பொருளால் காலணிகளை வாரிக்கொண்டு அன்று மாலையே கூடுதல் விலைக்குப் போடுபவர்கள். இவர்களுக்கு முறையான கொள்முதல் உண்டு, சிறியதோ பெரியதோ கிடங்கும் உண்டு. ஆகவே இந்தத் தளங்களுக்கு வழக்கமான விநியோகச் சங்கிலியே இல்லை என்பதும் முழு உண்மையாகாது. அது தனிநபர் என்ற முகமூடிக்குப் பின்னால் இருக்கிறது.

சட்டம் இதைப் புரிந்துகொண்டு கோடு போடத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டி.ஏ.சி.7 என்று அழைக்கப்படும் விதிமுறை 2023 முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு 30 விற்பனைக்குக் குறைவாகவும் மொத்தம் 2,000 யூரோவுக்கு மேற்படாமலும் பொருள் விற்பவரைத் தவிர மற்றவர்களின் விவரங்களைத் தளங்கள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த இன்ஃபார்ம் சட்டம், ஓராண்டுக் காலத்தில் 200 விற்பனைகளும் 5,000 டாலர் வருமானமும் கடந்தவர்களின் அடையாளத்தைத் தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு: அந்தச் சட்டம் எண்ணுவது புதிய, பயன்படுத்தப்படாத பொருள்களின் விற்பனையை மட்டுமே. பழைய பொருள் விற்பவரை விட்டுவிட்டு, பழைய பொருள் சந்தையில் புதிய சரக்கைக் கொண்டுவந்து கொட்டுபவரையே அது குறிவைக்கிறது. கடையிலிருந்து கூட்டமாகத் திருடிய சரக்கு இணையத்தில் விற்கப்படுகிறது என்ற கவலை அதன் பின்னணி.

இன்னொரு பக்கமும் உண்டு. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற ஒரு மாணவர், அங்கே விலையுயர்ந்த பாடநூல்களின் மலிவான வெளிநாட்டுப் பதிப்புகளைத் தம் குடும்பத்தார் மூலம் ஊரில் வாங்கி வரவழைத்து, இணையத்தில் விற்றார். பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. 2013 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளிநாட்டில் முறைப்படி அச்சிடப்பட்ட பிரதியாக இருந்தாலும் ஒருமுறை விற்றுவிட்டால் அதை மறுபடி விற்பதைப் பதிப்புரிமை கொண்டு தடுக்க முடியாது என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒரு குடும்பமும் தபால் துறையும் சேர்ந்தே நாடு கடந்த விநியோகச் சங்கிலியாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அவரைத் தனிநபர் என்பதா, இறக்குமதியாளர் என்பதா?

நிழற்கணக்கு எழுதியது:

இரண்டும்தான். அளவை வைத்துக் கோடு போடுவதைத் தவிர வேறு வழி இல்லை, எந்த அளவும் ஒருவருக்கு அநியாயமாகத்தான் தெரியும். வீடு மாறும் ஆண்டில் ஒரு குடும்பம் 30 பொருள்களைச் சாதாரணமாக விற்றுவிடும். விவரம் தெரிவிக்கப்படுவதாலேயே வரி வந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாங்கிய விலைக்குக் கீழே விற்ற சொந்தப் பொருளில் ஆதாயம் எங்கே இருக்கிறது?

தபால்பை எழுதியது:

திரைவிரிசல் திருப்பியனுப்புதலைத் தொட்டதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சங்கிலியில் மிகவும் பலவீனமான கண்ணி அதுதான்.

வணிகரிடம் வாங்கிய பொருளை ஐரோப்பாவில் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். தனிநபர் விற்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் வாங்கியவர் மனம் மாறினால் அது காரணமாகாது, குறை இருந்தால்தான் திருப்ப முடியும். குறை இருந்ததா என்பதை இரண்டு தனிநபர்களுக்கு நடுவே, பொருளை நேரில் பார்க்காத ஒரு தளம், நாலைந்து படங்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். விற்பவர் அனுப்பும்போது இருந்த நிலை, வழியில் ஏற்பட்டிருக்கக்கூடிய சேதம், வாங்குபவர் பிரித்தபோது இருந்த நிலை என்ற மூன்றில் எதற்கும் நடுநிலைச் சாட்சி இல்லை. நாங்களோ பெட்டியின் எடையையும் அளவையும் மட்டுமே அறிவோம்.

ஆனால் அந்த எடைப் பதிவையே சாட்சியாக்கலாம் என்பதைத் தளங்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். போகும்போது பிரிப்பு மையத்தில் 1,240 கிராம் இருந்த பொதி, திரும்பி வரும்போது 610 கிராம் என்றால், உள்ளே இருப்பது மாறியிருக்கிறது என்று சொல்ல எந்த நிபுணரும் தேவையில்லை. விற்பவர் அனுப்பியதாகச் சொல்லும் பொருள் அந்தப் பெட்டியில் இருக்கவே முடியாது என்பதையும் எடை காட்டிக்கொடுக்கும். கூடுதல் கட்டணம் வசூலிக்க மட்டும் பயன்படும் ஒரு பதிவு, புகார் தீர்க்கும் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போது விற்பவர்கள் பொதிவதைக் காணொளியாக எடுத்து வைக்கிறார்கள், வாங்குபவர்கள் பிரிப்பதைக் காணொளியாக எடுக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு கேமரா வைத்துக்கொண்டு தரக் கட்டுப்பாட்டுத் துறை நடத்துகிறார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

சரக்கேடு எழுதியது:

எடைப் பதிவு பற்றிய யோசனை மிக நன்று. செலவே இல்லாமல், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் அளவீட்டைப் பரிசோதனைக் கண்ணியாக மாற்றுவது அது. ஒரே தயக்கம், துணியில் இது பயன்படாது. குறையுள்ள சட்டையும் குறையற்ற சட்டையும் ஒரே எடைதான்.

திரைவிரிசலிடம் ஒரு கேள்வி. பொருளோடு சேர்ந்தே பயணிக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு, அதாவது பொருளைப் பற்றிய தகவல் பதிவு, பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, பொருள் வகைகள் இனி ஒவ்வொன்றாக அதன் கீழ் வரும். அது உங்கள் மேசையில் செய்யும் வேலையைக் குறைக்குமா?

திரைவிரிசல் எழுதியது:

பெரும்பாலான பொருள்களுக்குக் குறைக்காது என்பது என் கணிப்பு. கடவுச்சீட்டு பொருள் எப்படிச் செய்யப்பட்டது, எதனால் செய்யப்பட்டது, எப்படிப் பிரிக்கலாம் என்பதைச் சொல்லும். போலியைக் கண்டுபிடிக்க அது ஓரளவு உதவும். மூட்டைப்பிரிப்பு சொன்ன மேசையில் துணியின் இழைக் கலவை தெரிந்தால் அதுவும் பெரிய உதவி. ஆனால் நான் தேடுவது தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்பதை. சிம் துளைக்குள் இருக்கும் அந்தச் சிவப்புப் புள்ளி எந்தக் கடவுச்சீட்டிலும் தானாகப் பதியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். மின்சாரக் கார், மின்மிதிவண்டி போன்றவற்றின் பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிக் கடவுச்சீட்டு கட்டாயமாகிறது. பேட்டரிக்கு மட்டும் தன் நிலையைத் தானே அளக்கும் மின்சுற்று உள்ளேயே இருக்கிறது. அந்த மின்சுற்றில் பதிவாகும் ஆரோக்கிய அளவை, முறைப்படி வாங்கியவர் படிக்க வழி இருக்க வேண்டும் என்று அதே பேட்டரிச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. தனிநபரிடமிருந்து பழைய மின்மிதிவண்டி வாங்குவதில் இன்று பெரிய சூதாட்டம் பேட்டரிதான், சட்டகத்தின் துருவை யாரும் பார்த்துவிடலாம். விற்பவரின் வாய்ச்சொல்லும் இரண்டு நாள் கெடுவும் இல்லாமல், விளம்பரம் போடும்போதே அந்த அளவைத் தளம் நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்துப் பட்டியலில் காட்ட முடிந்தால், பரிசோதனை முதன்முறையாக வாங்குபவர் வீட்டிலிருந்து விற்பவர் வீட்டுக்கு, பொதி கட்டுவதற்கு முன்பே, நகர்ந்துவிடும். தளங்கள் அந்த இணைப்பைச் செய்யுமா, அல்லது விவரப் பெட்டியில் விற்பவரே ஓர் எண்ணைத் தட்டச்சு செய்ய விட்டுவிடுமா என்பதை 2027 இல் வரும் பட்டியல்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.